மாதம் ஒரு படம்

சென்னைக் கப்பல் ஹேடோ துறையை அணையும் நாளில் அங்கே போய் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மூன்று நாள் கடலில் ஆடி வந்த களைப்பையும் பொருட்படுத்தாமல், ஊரிலிருந்து வந்த ஆச்சி கைகளை நீட்டியபடி பேரக் குழந்தையை நோக்கி விரைகிறார். குழந்தை ஒரு கணம் உற்றுப் பார்க்கிறது. பிறகு தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது. "என் ராசா, ஆச்சியைத் தெரியலையாடா?" என்று அவர் கேட்கும்போது சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வரும்.

எட்டு ஒன்பது மாதக் குழந்தை புது முகத்தைக் கண்டு அழுவது இயற்கை. அது அறிவு வளர்வதன் அடையாளம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது மற்றொன்று. ஆச்சிக்கும் அந்தக் குழந்தை புது முகம்தான். பிறந்ததும் துணியில் சுற்றிய நிலையில் ஒரு படம் போயிருக்கும். பெயர் வைத்த நாளில் கூட்டத்தோடு ஒரு படம் போயிருக்கும். தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, பல் முளைத்தது எல்லாம் அவருக்குத் தொலைபேசியில் வந்த செய்திகள். அந்தச் செய்திகளை வைத்து அவர் தம் மனத்தில் ஒரு குழந்தையை வளர்த்து வைத்திருப்பார். துறையில் கண்ட குழந்தை வேறொன்றாக இருக்கும்.

"இப்போதுதான் வீடியோவில் தினமும் பார்க்கிறார்களே" என்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். உண்மைதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்த பிறகு நம் தீவுகளில் அந்த வசதி பெருகியிருக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பை நம்பி நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் வீடியோ இன்றைய குழந்தையை மட்டுமே காட்டும். போன மாதம் எப்படி இருந்தான், இந்த மாதம் எவ்வளவு நீண்டிருக்கிறான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இன்பம் அதில் இல்லை. பேச்சு முடிந்ததும் திரை இருண்டுவிடும். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நடு இரவில் எடுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவேதான் மாதம் ஒரு படம் என்கிறேன். குழந்தை பிறந்த தேதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், வீட்டிலேயே, ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுக்கும் படம். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். விலை உயர்ந்த காமிரா வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும்.

முதல் ஆண்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? மனிதன் பிறந்த பிறகு இந்த ஓராண்டில் வளர்வது போல வேறு எந்த ஆண்டிலும் வளர்வதில்லை. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை, ஆண்டு நிறைவில் 75 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. ஐந்து மாத அளவில் பிறந்த எடை இரு மடங்காகிறது, ஓராண்டில் மும்மடங்கு. தினமும் பார்க்கிற நமக்கு இது தெரிவதில்லை. சட்டை சிறுத்த பிறகுதான் தெரிகிறது. மூன்றாம் மாதத்துப் படத்தையும் ஆறாம் மாதத்துப் படத்தையும் சேர்த்து வைத்தால் பெற்றவளே வியந்து போவாள்.

மாதக் கணக்கில் குழந்தையைப் பார்க்கும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழனுக்கு அது சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையே அதுதானே! 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைப் பாடினார். பத்துப் பருவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதக் கணக்கு. பாட்டியல் நூல்கள் தங்களுக்குள் சற்று வேறுபட்டாலும், செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது. சப்பாணி என்பது உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. காமிரா இல்லாத காலத்தில் நம் புலவர்கள் சொல்லால் எடுத்து வைத்த மாதப் படங்கள் இவை. இன்றைய குழந்தை மருத்துவ நூலைத் திறந்தாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில் குப்புற விழுந்து தலை தூக்கும், ஒன்பது மாத அளவில் தானே உட்கார்ந்து கை தட்டும் என்று ஏறக்குறைய இதே கணக்கைத்தான் காண்பீர்கள்.

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? நம் பெற்றோர் வீட்டுப் பழைய ஆல்பங்களில் தவறாமல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். குழந்தை குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்திக் காமிராவை முறைத்துப் பார்க்கும். இடுப்பில் அரைஞாண் மட்டும். ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு கறுப்புத் துணிக்குள் ஓடி ஓடிப் போய் வந்து எடுத்த படம். அது சாட்சாத் செங்கீரைப் பருவமேதான். எடுத்தவருக்கும் தெரியாது, எடுக்கச் சொன்னவர்களுக்கும் தெரியாது. (அந்த மாதிரி உடையில்லாப் படங்களை இன்றைக்கு எடுத்து வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் குழுக்களில் அனுப்ப வேண்டாம். அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.)

நான் செய்த தவறு

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்றால், இதைத் தவறாகச் செய்தவன் என்ற ஒரு தகுதிதான்.

1994இல் எங்கள் மூத்த மகன் பிறந்தான். அப்போது எங்களிடம் ஒரு ஹாட் ஷாட் காமிரா இருந்தது. ஃபிலிம், கழுவுவது, பிரிண்ட் எல்லாம் சேர்ந்தால் மாதச் சம்பளத்தில் கை வைக்கும் செலவு. நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சுருளில் 36 படம். மாதத்துக்கு மூன்று வீதம் எடுத்தால் பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக வரும். ஒரே சுருள், ஒரே செலவு, ஓராண்டு வரலாறு! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கோவில்பட்டியில் இருந்த அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்த நேரம் அது. கப்பலேறி வர முடியாது. ஒவ்வொரு இன்லண்ட் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும். பேரன் படம் எப்போது வரும் என்று கேட்டிருப்பார். "சுருள் முடிந்ததும் மொத்தமாக அனுப்புகிறேன் அப்பா" என்று நானும் ஒன்றாகவே பதில் எழுதுவேன். ஒன்பதாம் மாதத்தில் தந்தி வந்தது. அப்போது அலமாரியில் இருந்த காமிராவுக்குள் 27 படங்கள் எடுத்து முடித்திருந்தேன். பெயர் சூட்டிய அன்று நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்த ஒரு படத்தைத் தவிர, அப்பா பேரனைப் பார்க்கவேயில்லை.

ஆண்டு முடிந்து சுருளைக் கழுவினால், முதல் நான்கைந்து மாதத்துப் படங்கள் சேறு கலந்த தண்ணீர் போல வந்தன. ஒளி பட்ட ஃபிலிமைக் கழுவாமல் மாதக் கணக்கில் வைத்திருந்தால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து பதிவை மங்கடித்துவிடும், வண்ணம் திரிந்துவிடும். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் தீவில், ஓடு வழியே ஈரம் இறங்கும் வீட்டில், நான் அதைத்தான் செய்திருந்தேன்.

இன்றைக்கு ஃபிலிம் இல்லை. ஆனால் என் தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. செல்போனுக்குள் இரண்டாயிரம் படம் சேர்ந்திருக்கும். "ஒருநாள் உட்கார்ந்து நல்லதாகத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட வேண்டும்" என்பார்கள். அந்த ஒருநாள் வருவதற்குள் போன் கார்பின்ஸ் கோவ் கடலில் விழும், அல்லது தானாகவே கண்ணை மூடும். அந்த மாதத்துப் படத்தை அந்த மாதத்திலேயே பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாத படத்தை எடுத்த கணக்கில் சேர்க்கக் கூடாது.

பாயும் ஜன்னலும்

இப்போது எங்கள் வீட்டில் பேத்தி. மருமகளின் பெற்றோர் சேலத்தில் இருக்கிறார்கள். இம்முறை நான் எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

படத்தில் மாறாதது ஒன்று இருந்தால்தான் மாறுவது தெரியும். இதற்காகப் பலர் ஒரு கரடி பொம்மையைப் பக்கத்தில் வைத்து எடுப்பார்கள். வைக்கலாம், தவறில்லை. எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பொருள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த கோடு போட்ட கோரைப்பாய். பாயின் பட்டைகள் எப்போதும் ஒரே அகலம். குழந்தையைப் பட்டைகளுக்குக் குறுக்காக வருமாறு மல்லாத்திப் படுக்க வைத்தால், தலை ஒரு பட்டையில், பாதம் ஒரு பட்டையில். மாதா மாதம் எத்தனை பட்டை தாண்டியிருக்கிறாள் என்று சேலத்துத் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்க்கிறார். அளவு நாடா தேவைப்படவில்லை. கோரை உடம்பில் உறுத்தாமல் இருக்க முதுகுக்கு மட்டும் ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள். முழுப் பாயையும் மூடிவிட்டால் பட்டை தெரியாது. பாய் இல்லாதவர்கள், அந்தமானில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய படாக் மர நாற்காலியை வைத்துக்கொள்ளலாம். முதலில் தாயின் மடியில் சாய்ந்தபடி, பிறகு தானே உட்கார்ந்து, கடைசியில் அதன் காலைப் பிடித்து நின்றபடி என்று நாற்காலி ஒன்றே எல்லாவற்றுக்கும் அளவாகிவிடும்.

குழந்தையை அளவு பார்த்துப் படமெடுப்பதை விஞ்ஞானமாகவே செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் கெசல். அரைக்கோள வடிவில் ஒரு கூடாரம் கட்டி, நடுவில் குழந்தையை விட்டு, வெளியிலிருந்து காமிராவால் பதிவு செய்தார். 1934இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 3,200 படங்கள். எந்தக் குழந்தையானாலும் ஒளியும் சூழலும் மாறாமல் பார்த்துக்கொண்டதால்தான் எந்த வயதில் எது வரும் என்று அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது.

அளவெடுக்கும் படத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நம் ஊரிலேயே நடந்தது. 1890களில் எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி, இம்மண்ணின் பூர்வகுடிகளான அந்தமானியரைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்திப் படங்கள் எடுத்தார். உடம்பை அளந்து பார்க்க வசதியாக இருக்குமாம். அப்படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. அவற்றைப் பார்க்கும்போது, கட்டத்தின் மேலேயே எடுத்தவரின் கண் இருந்திருக்கிறது, முகத்தின் மேல் இல்லை என்று எனக்குத் தோன்றும். பாய்ப் பட்டையை எண்ணுவதில் நாமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தை ஏழு மாதத்தில் உட்கார்ந்துவிட்டதே, நம்முடையது இன்னும் உட்காரவில்லையே என்று மருமகள்களின் மனத்தைப் புண்படுத்தும் கணக்காக அது ஆகிவிடக் கூடாது. உட்காருவதிலும் நடப்பதிலும் குழந்தைக்குக் குழந்தை இரண்டு மூன்று மாதம் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஐயமிருந்தால் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரைக் கேளுங்கள், அடுத்த வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம்.

ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நம் தீவுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் சேலமும் போர்ட் பிளேரும் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நமக்கு நாக்கு இன்னும் பழகவில்லை) ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. ஆனால் நாம் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறோம், கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. ஆகவே சூரியன் சேலத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே நம்மிடம் வந்துவிடுகிறது. ஜூனில் ஐந்து மணிக்கே உதயம். நவம்பர் கடைசியில் மாலை ஐந்து மணிக்கே அஸ்தமனம். சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பதினொன்றேகால் சுமாருக்கு. காமிராப் புத்தகங்களில் காலை ஒன்பது மணி வெளிச்சம் நல்லது என்று எழுதியிருந்தால், நாம் அதை எட்டு மணி என்று படித்துக்கொள்ள வேண்டும். மாலையில் அலுவலகம் விட்டு வந்து எடுக்கலாம் என்று இருந்தால் இருட்டிவிடும்.

எங்கள் வீட்டில் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே, குளிப்பாட்டுவதற்கு முன், பால் குடித்து ஏப்பம் விட்ட பின் எடுக்கிறோம். குழந்தைக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பாய். நேர் வெயில் விழக் கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். ஜன்னல் இருக்கும் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் தெரிந்தால் மறுபக்கத்தில் ஒரு வெள்ளை எட்டு முழ வேட்டியை நாற்காலியில் விரித்துப் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் கன்னத்தில் விழும். ஸ்டூடியோக்காரர்கள் குடை வைத்துச் செய்வதை வேட்டி இலவசமாகச் செய்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மரம் அடர்ந்திருந்தால் குழந்தையின் முகத்தில் பச்சை தட்டும். அதற்கும் வேட்டியே மருந்து. மழை மாதங்களில் மேக வெளிச்சம் மிருதுவாக இருக்கும், படத்துக்கு அது இன்னும் நல்லது. மின்விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் குழந்தை பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் இருக்கும்.

செல்போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டு போகாதீர்கள். மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய், நம் குழந்தையே நமக்கு அந்நியமாகத் தெரியும். நான்கு அடி தள்ளி நின்று எடுங்கள். மேலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு முக்காலியில் ஏறி நில்லுங்கள், போனின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். கை நழுவினால் கீழே இருப்பது குழந்தை. மேலே ஓடும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மகனின் நான்காம் மாதப் படத்தைக் கட்டிலில் வைத்து எடுத்தேன். ஓர் அடி பின்னால் நகர்ந்து கண்ணைக் காமிராவில் வைத்த அந்த நேரத்தில்தான் அவன் வாழ்க்கையில் முதன்முறையாகப் புரண்டான். என் மனைவி பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துவிட்டாள். இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியதை நினைக்க மாட்டேன். இன்றுவரை புரளாத குழந்தை நாளை புரளும். பாயைத் தரையில்தான் விரிக்க வேண்டும். ஒருவர் எடுக்க, ஒருவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்திரிகைகளில் வருவது போலப் பிறந்த குழந்தையின் கன்னத்தைக் கையில் தாங்க வைத்து உட்கார்த்தும் படங்களைப் பார்த்து யாரும் முயல வேண்டாம். அவை பெரும்பாலும் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க இரண்டு மூன்று படமாக எடுத்து, பிடித்த கையை நீக்கி ஒட்டுப் போட்டவை.

பெரியவர்கள் சொல்வதற்கும் இடம் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்வார். வாதாடிப் பயனில்லை. கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டை அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். அதோடு சமாதானமானார். பொட்டு படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மையைக் கண்ணுக்குள் தீட்ட விடாதீர்கள். கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருப்பதால் மருத்துவர்கள் அதைத் தடுக்கிறார்கள்.

கண் என்றதும் முக்கியமான ஒன்று. ஃபிளாஷ் போட்டால் குழந்தையின் கண் கெட்டுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சாதாரண ஃபிளாஷ் கண்ணைக் கெடுப்பதில்லை. திடுக்கிட்டு அழும், அவ்வளவுதான். ஃபிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவதும் இயல்பே. உள்ளே இருக்கும் விழித்திரையின் இரத்த ஓட்டம் பட்டுத் திரும்பும் நிறம் அது. ஆனால் படத்துக்குப் படம் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பார்வை சாய்ந்த கோணத்தால் மட்டுமே அப்படித் தெரிவதும் உண்டு. பிறவிக் கண்புரையாகவோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றாகவோ இருக்கவும் கூடும். இந்நோயை வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத் தாயே முதலில் கண்டுபிடித்த நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்டு. காலத்தோடு கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம். அந்தப் படத்தையே கையில் எடுத்துக்கொண்டு ஜி.பி. பந்த் மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மெயின்லாண்ட் போகச் சொன்னால் சென்னையில் சங்கர நேத்ராலயாவும் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. அடுத்த மாதப் படத்தில் சரியாகிவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

எடுத்த படத்தை என்ன செய்வது

நாலுக்கு ஆறு அளவில் மூன்று பிரிண்ட் போடுகிறோம். ஒன்று சேலத்துக்கு, ஒன்று என் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு, ஒன்று இங்கே. படத்தின் பின்புறம் மிருதுவான பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தத்தில் முன்பக்கம் தடம் விழும், மையும் பரவும். "பாப்பா, 5 மாதம்" என்று எழுதுவது போதாது. பாப்பாவுக்கு நாற்பது வயதாகும்போது எந்தப் பாப்பா என்று யாருக்குத் தெரியும்? முழுப் பெயர், தேதி, ஹேடோ என்ற ஊர்ப்பெயர், அந்த மாதத்தில் புதிதாகச் செய்தது ஒன்று. "இன்று காலை கோழியைப் பார்த்துச் சிரித்தாள்" என்பது போல ஒரு வரி போதும். சேலத்தில் படத்தைவிட அந்த வரியைத்தான் அதிகம் பேர் வாங்கிப் படிக்கிறார்களாம்.

வீட்டுப் பிரதிக்கு எதிரி ஈரம். கண்ணாடிச் சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டி வைத்த படத்தை மறுபடி பிரிக்க முடியாது, வண்ணம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வையுங்கள். பசை தடவிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். நல்ல தாள் ஆல்பத்தில் முனை மட்டும் செருகி, மூடி இறுக்கமான டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். பொட்டலத்தை வெயிலில் காய வைத்தும் பயன்படுத்தலாம், குழந்தை கைக்கு மட்டும் எட்டக் கூடாது.

ஊருக்கு அனுப்புவது பாட்டி தாத்தாவின் மகிழ்ச்சிக்கு மட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். 26-12-2004க்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. கிரேட் நிக்கோபாரில் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். சுனாமி அவர்கள் வீட்டை அடித்தளம் மட்டும் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்து வந்தார்கள். நிவாரண முகாமில் அந்த அம்மாள் பாத்திரம் பண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் இருவரின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். சில மாதம் கழித்துச் சிவகங்கையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவ்வப்போது மாமியாருக்கு அனுப்பி வைத்த படங்கள் அத்தனையையும் அந்த மூதாட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பின்புறத் தேதிகளோடு பதினேழு படங்கள். செல்போன் படங்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பிரதி போனில், ஒரு பிரதி வேறொரு கருவியில், ஒரு பிரதி கடலுக்கு அப்பால்.

பேத்திக்குப் போன வாரம் பன்னிரண்டு மாதம் நிறைந்தது. அதே பாய், அதே ஜன்னல், காலை எட்டு மணி. மல்லாத்திப் படுக்க வைத்தால் ஒரு நொடி இருந்தாளில்லை. புரண்டாள், எழுந்தாள், வேட்டியைப் பிடித்து இழுத்தாள், நாற்காலியைச் சுற்றி ஓட்டம் பிடித்தாள். முப்பது படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பாய் மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு பாதம், அதுவும் கலங்கலாக. அதையே பிரிண்ட் போட்டுப் பின்னால் பெயரும் தேதியும் எழுதி, "நிற்கவில்லை" என்று ஒரு வரியும் சேர்த்துச் சேலத்துக்கு அனுப்பிவிட்டேன். படம் சேர்ந்த அன்றே சம்பந்தி போன் செய்தார். மற்ற பதினொன்றையும் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்து, கடைசியாக இதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.